மூன்றாவது ஊதல்

மூக்குக் கிளிப்பை மாட்டிவிட்டு
அட்டைக் குழலை நீட்டுகிறேன்.
"உதட்டை இறுக்கி, ஒரே மூச்சில்,
முடிந்த மட்டும் வேகமாக."
டர்பன், நெஞ்சு மருத்துவப் பிரிவு, காலை ஒன்பது மணி.
படிவத்தில் பெயர்: பூபாலன் வீராசாமி, மெர்பேங்க்.
வயது எழுபத்தொன்று.
தொழில் என்ற கட்டத்தில்
"ஊதுவது" என்று எழுதியிருக்கிறார்.

முதல் ஊதலில்
குழலை இரு விரலால் உருட்டினார்.
ஒரு சொட்டுக் காற்று விட்டார்.
கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு
காத்திருந்தார்.
திரையில் கோடு எழவில்லை.
"உள்ளே போனது சூட்டில் தானே வளரும்" என்றார்
எந்திரத்திடம்.
"ஐயா, இது கண்ணாடி இல்லை."
"எனக்குத் தெரியும் அம்மா. கைக்குத் தெரியவில்லை."

இரண்டு ஊதலுக்கு நடுவே ஓய்வு, விதி அப்படி.
ஓய்வில் பேசுகிறார்.

மொபேனியில், பதினேழு வயதில்,
உலைக் கதவு திறந்து மூடும் வேலை.
தேன் மாதிரி இருக்கும் என்பார்கள்; இல்லை.
தேன் சும்மா விழும்.
இது விழவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கும்,
உருட்டிக்கொண்டே இருந்தால் மறந்துபோகும்.
வெள்ளைக்கார மேஸ்திரிக்குத் தேநீர்க் கோப்பை தனி,
கக்கூஸ் தனி, வாசல் தனி.
ஊதுகுழல் மட்டும் ஒன்றுதான்.
அவன் வாய் வைத்த இரும்பில் இவர் வாய்,
பிறகு பெகிசிசாவின் வாய்.
"சட்டம் எழுதியவன் உலைப் பக்கம் வந்ததே இல்லை."

உருவம் பிடிக்க
நனைத்த செய்தித்தாள், எட்டு மடிப்பு, வெறும் உள்ளங்கையில்.
எழுபத்தாறு ஜூன் மாதம் முழுதும்
அப்படித்தான் கையில் புகைந்தது.
படிக்கவில்லை. வாசனை மட்டும் தெரியும்.

இரண்டாவது ஊதல்.
கோடு ஏறியது. பாதியில் நிறுத்தினார்.
"இதற்கு மேல் ஊதினால் அடி மெலிந்துவிடும்."

எண்பத்தொன்பதில் சொந்த உலை.
ஆளுக்கொரு முனை பிடித்து, நடுவில் நெருப்புக் கட்டி,
அவரும் பெகிசிசாவும் பின்னோக்கி நடப்பார்கள், முப்பதடி.
வெள்ளை நூலும் நீல நூலும் உள்ளே முறுக்கிக்கொள்ளும்.
பெகி தும்மிய இடம் எதுவென்று
இன்றைக்கும் காட்டுவாராம்.
பதினாறு கம்பி, பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து,
சூட்டில் ஒட்டி, பாய் சுருட்டுவது போல் சுருட்டினால்
ஒரு பூச்சாடிக்கு உடம்பு.
பிறகு ஒரு ராத்திரி மெதுவாக ஆற வேண்டும்.
அவசரமாக ஆறினது அன்றைக்குக் காட்டிக்கொடுக்காது.
மூன்றாம் நாள், யாரும் தொடாதபோது,
அலமாரியில் ஒரு சின்னச் சத்தம்.

எக்ஸ்ரேயை விளக்கில் வைத்தேன்.
மேல்பக்கம் வெள்ளைப் பொட்டுகள்.
மணல் கலக்கும் அறையில் ஆறு வருடம் இருந்திருக்கிறார்.
"ஓ," என்றார், "உருக்காமல் விட்டது."

எங்களுக்குள் ஆங்கிலம்தான்.
ஆனால் மூன்றாவதுக்கு முன்
ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினார்;
உலையிலிருந்து எடுக்கும்போது எண்ணுவதாம்.
எண்ணி, நிறுத்தி, இதைச் சொன்னார்:
மச்சான் கடற்கரையில் வலை இழுப்பவன்.
அவனுக்காக முப்பது வயதில் பன்னிரண்டு மிதவை,
பச்சை உருண்டை, அறுத்த இடத்தில் சூட்டு முத்திரை.
கோப்பையில் ஊதினது வாய் வழியே போய்விடும்.
மிதவையில் போகாது.
பதினொன்று உடைந்தது.
ஒன்றை வலையோடு கடல் கொண்டுபோனது.
"அந்த மூச்சு கிடைத்தால்
உங்கள் எந்திரம் சந்தோஷப்படும்."

ஊதினார்.
கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வர,
நாற்பத்தொன்பது வருடம் செய்யாததைச் செய்தார்.
ஒன்று புள்ளி நான்கு லிட்டர்.
இருக்க வேண்டியதில் பாதி.

"இதில் ஒரு மிதவை வருமா?"
கணக்குப் போட்டேன். "வரும். சின்னது."

அடுத்தவருக்குப் புதுக் குழல் உறையைக் கிழிக்கிறேன்.
இங்கே ஆளுக்கொன்று;
ஒருவர் வாய் வைத்ததை இன்னொருவர் தொடக் கூடாது.
பழையதைக் குப்பையில் போட வேண்டும்.
அவர் அதை இன்னும்
விரல்களில் உருட்டிக்கொண்டிருக்கிறார்.